பிரிக்காத பொட்டலம்

நெருப்பெரிச்சல்
9.1.2025

தம்பி தங்கராஜுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று உன் அண்ணி ஜானகி சொல்கிறாள். பங்காளி என்றால் நேரில் போய்ப் பேச வேண்டும், இல்லாவிட்டால் பேசாமலே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நேரில் வந்தால் நீ சொல்வது எனக்குக் கேட்காது. வலது காது போய் ஆறு வருடம் ஆகிறது, ஐப்பசியோடு இடது காதும் போயிற்று. போனில் உன் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே தபால்.

மார்கழி இரண்டாம் வெள்ளியில் நம் ஊர் மாகாளியம்மன் கோயிலில் பூப்போட்டு உத்தரவு கேட்டதிலிருந்து நான் உன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் வரமாட்டேன். சித்தப்பா மகனோடு எனக்கு என்ன பகை என்று ஊரில் கேட்கிறார்கள். பகை இல்லை. கமிட்டித் தலைவர் நீ, பழைய கல் கோயிலை முழுதாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறாய். நான் ஒழுகுகிற இடத்தை அடைத்து, சுவரைக் கழுவி, கும்பாபிஷேகம் செய்தால் போதும் என்கிறேன். சுற்றுப்பட்டில் எத்தனை ஊரில் பார்த்துவிட்டேன்! கல் போகிறது, வழுக்குகிற தரை வருகிறது, உபயம் செய்தவர் பெயர் கதவு முதல் காற்றாடி வரை வருகிறது. என்னோடு வேலை பார்த்த ரோஸ்மேரி டீச்சர் போகிற ஓட்டுச் சர்ச்சுக் கட்டடத்தையும் போன வருடம் இப்படித்தான் இடித்தார்கள். அதைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே இடித்தார்கள்.

கருவறையின் பின்சுவரில் இருக்கிற எழுத்தை நான் மூன்று கோடை விடுமுறையில் படி எடுத்தேன். ஒரு பெண் விளக்கெரிக்க, நெய்க்காக ஆடு விட்டிருக்கிறாள். அவள் பெயர் இருந்த இடம் மட்டும் உடைந்திருக்கிறது. பெயர் போனபிறகும் அவள் கொடுத்தது நிற்கிறதே தம்பி, அதை நாம் ஏன் இடிக்க வேண்டும்?

அம்மன் வெள்ளைப் பூ கொடுத்துவிட்டாள், உத்தரவு ஆகிவிட்டது என்பாய். அந்த வெள்ளைப் பூ எனக்கு ஒப்பவில்லை. அதற்குமேல் இப்போது எழுத முடியவில்லை. மாசியில் வைத்திருக்கிற பாலாலயத்தைத் தள்ளிப் போடு. அம்மனைப் பலகைக்கு மாற்றிவிட்டால் பிறகு அந்தக் கருவறை வெறும் கல். யார் வேண்டுமானாலும் கடப்பாரை போடலாம்.

அன்புடன்,
பொங்கியண்ணன்


வீரபாண்டி
18.1.2025

அண்ணாவுக்கு,

நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். பிழை இருந்தால் சிவப்பு மை போடாமல் படியுங்கள். பொங்கலன்று இலை போட்டு உங்களுக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம்.

நீங்கள் கல்லைப் பற்றி எழுதினீர்கள். நான் ஆளைப் பற்றி எழுதுகிறேன். அந்த மண்டபத்துக்குள் எத்தனை பேர் நிற்க முடியும்? இருபது. அந்த இருபது பேர் யார்? நீங்கள், நான், கிட்டுசாமி அண்ணன், பெரியாத்தாள் அம்மாயி, கோயிலில் முதல் உரிமை உள்ள நம் காணிக்காரக் குடும்பங்கள். வாசல் மூன்றரை அடி. வெளியில் நிற்கிறவருக்கு உள்ளே தீபம் அசைவது தெரியும், அம்மன் முகம் தெரியாது.

என் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருக்கிற முத்துப்பேச்சியை உங்களுக்குத் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, நம் ஊரில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. ஒரு நாள் கேட்டேன், அம்மன் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று. சிரித்துவிட்டு, “நான் எங்கய்யா பாத்தேன்? முன்னாடி நிக்கவங்க முதுகத்தான் பாத்திருக்கேன்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நீங்கள் சுவரைக் கழுவச் சொல்கிறீர்கள். கழுவினால் வாசல் அகலமாகுமா?

வெள்ளைப் பூ ஒப்பவில்லை என்று பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள். பொட்டலம் மடித்தது உங்கள் கை. வாத்தியார் கை சுத்தம் என்று ஊரே சேர்ந்து உங்களிடம் கொடுத்தது. உங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை தட்டைத் தூக்கி வந்தது நான். எடுத்தது ஒன்றும் அறியாத நாலு வயசுப் பெண்குழந்தை. இதில் உங்களுக்கு யார்மேல் சந்தேகம்? சொல்வதென்றால் பெயரைப் போட்டே சொல்லுங்கள். சொல்லாமல் கொல்ல வேண்டாம்.

தங்கராஜ்


நெருப்பெரிச்சல்
24.1.2025

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முத்துப்பேச்சி பார்த்த முதுகுகளில் ஒன்று என்னுடையது. நாற்பது வருடமாக அந்த மண்டபத்தில் நான் முன்வரிசையில் நின்றிருக்கிறேன். திரும்பிப் பார்த்ததில்லை.

யார்மேல் சந்தேகம் என்று நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது.

வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. குழந்தை எடுத்த பொட்டலத்தை மட்டும்தான் பிரிக்க வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சோதிப்பதற்குச் சமம் என்று அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம்.

அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் செய்தேன். இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி வைத்து மடித்தேன், தம்பி.

முப்பத்தாறு வருடம் பரீட்சை ஹாலில் நின்றவன் நான். ஒரு மாணவன் உள்ளங்கையில் சூத்திரம் எழுதி வந்தால், அவன் நெற்றி வேர்வையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். அன்று காலை சமையல்கட்டில் வாழையிலையை நறுக்கும்போது என் நெற்றியும் அப்படித்தான் இருந்தது. ஜானகி பார்த்துவிட்டு விசிறியை எடுத்து வந்தாள். மார்கழி மாதம்.

இரண்டும் சிவப்பாக இருந்தபோது வெள்ளை எப்படி வந்தது? தட்டு என் கையிலிருந்து உன் கைக்கு வந்தது. உன் கையிலிருந்து அம்மன் முன்னால் போயிற்று. நடுவில் வேறு கை இல்லை. நீ பெயரைப் போடச் சொன்னாய். முதலில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். அடுத்ததை நீயே போட்டுக்கொள்.

பொங்கியண்ணன்


வீரபாண்டி
30.1.2025

அண்ணா,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானமே தெரியும். நான் முந்தின நாளே இரண்டு பொட்டலம் மடித்து வைத்திருந்தேன். இரண்டிலும் வெள்ளை. உங்கள் தெரு முக்கில் தட்டைத் துண்டால் மூடுகிற சாக்கில் மாற்றினேன். உங்களுடையது இரண்டும் என் ஜிப்பா பையில் போயிற்று. ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். எதற்குப் பிரித்தேன் என்று கேட்டால் தெரியாது. மாற்றாமல் இருந்திருந்தாலும் வெள்ளை வந்திருக்கலாம், பாதிக்குப் பாதி, என்று மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் பிரித்தேனோ என்னவோ. இரண்டும் சிவப்பு.

ரொம்ப நேரம் சிரித்தேன் அண்ணா. நான் அயோக்கியன் என்பது எனக்குப் பழகினது. வாங்குகிற பையருக்கு ஒரு சாம்பிள் காட்டி வேறு துணியை ஏற்றினவன்தானே. ஆனால் நீங்களும் என்னைப் போலவே என்பது தாங்கவில்லை. ஒரு மாதமாக நீங்கள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கல்யாண வீட்டில் நான் உட்கார்ந்த பந்தியிலிருந்து எழுந்து போனீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் மானம் போயிருக்கும். நான் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். ரெண்டு தப்பும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாலாலயம் நடக்கட்டும். உங்கள் எழுத்துக் கல்லை மட்டும் பத்திரமாகப் பெயர்த்து, புதுச் சுவரில் கண்ணாடி போட்டுப் பதித்துத் தருகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தங்கராஜ்


நெருப்பெரிச்சல்
4.2.2025

தம்பிக்கு,

பந்தியிலிருந்து எழுந்ததற்கு மன்னித்துக்கொள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் உன் கணக்கு சரியில்லை. வகுப்பில் ஒரு முறை இரண்டு பையன்கள் ஒருவன் விடைத்தாளை ஒருவன் பார்த்து எழுதினார்கள். இருவருக்கும் விடை தெரியாது. இருவரும் ஒரே தப்பை அழகாக எழுதியிருந்தார்கள். இரண்டு தப்பும் அடித்துப் போகாது தம்பி. இரண்டுக்கும் சேர்த்துப் பூஜ்யம்தான். நாம் அம்மனிடம் கேட்கவே இல்லை. அவள் வாயை ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் நீயும் பொத்திக்கொண்டு, அவள் பேசிவிட்டாள் என்று ஊரை நம்ப வைத்திருக்கிறோம்.

எழுபத்துநாலு வயதில் எனக்கு அலுப்பாக இருக்கிறது. கோயிலுக்காகச் சண்டை போட்டதால் வந்த அலுப்பு இல்லை. காலையில் திருநீறு பூசும்போது விரல் நெற்றியில் நிற்கமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் என் பங்கைச் சொல்லப் போகிறேன். இரண்டிலும் சிவப்பு வைத்தேன், ஆகவே அந்த வெள்ளை செல்லாது என்று சொல்வேன். உன் பெயர் என் வாயில் வராது. அது உன் பாடு.

பொங்கியண்ணன்


வீரபாண்டி
12.2.2025

அண்ணா,

உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொன்னாலும் கேட்டிருக்காது. நானே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசினீர்கள். “ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வெச்சேன். அம்மன் பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திப்போட்டேன்” என்று சொல்லிக் கைகூப்பினீர்கள். பிறகு பெரியாத்தாள் அம்மாயி அழுதது, எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். ஊர் மன்னித்துவிட்டது என்று நினைத்து நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். இல்லையா?

அண்ணா, அவர்கள் கும்பிட்டது உங்களை மன்னித்து அல்ல.

அம்மாயி எழுந்து என்ன சொன்னது தெரியுமா? “ரெண்டும் செவப்புன்னு வாத்தியாரே சொல்லிப்போட்டாரு. வந்தது வெள்ளை. அப்ப செவப்பை ஆரு வெளுப்பாக்குனது சாமி? ஆத்தாதானுங்க ஆக்கிப்போட்டா” என்றது. அதோடு முடிந்தது. கிட்டுசாமி அண்ணன் தேங்காய் உடைத்தார். உள்ளே போன ஒருத்தருக்கு அருளே வந்துவிட்டது.

இரண்டு நாளில் வீரபாண்டி வரை பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை என் கம்பெனி வேன் மூன்றும் கோயிலுக்குத்தான் போயின. ஷிஃப்டுக்கு ஆள் இல்லை. ஒடிசாப் பையன்கள்கூட அரளிப் பூ வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சந்தேகம் இருந்தவர்களுக்கும் இப்போது இல்லை. வாத்தியார் தடுத்தும் ஆத்தா விடவில்லை, அவளுக்கு அவ்வளவு ஆசை, உடனே இடித்துக் கட்டு என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பாலாலயத்தை ஒரு வாரம் முன்னால் இழுக்கச் சொல்கிறார்கள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

தங்கராஜ்


நெருப்பெரிச்சல்
16.2.2025

தம்பி,

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பூ கிடக்கிறது. முந்தாநாள் ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். அற்புதம் நடந்த பூவை மடித்த கையாம், குழந்தையின் தலையில் வைக்க வேண்டுமாம். நான் அப்படி ஒன்றும் இல்லை அம்மா என்று சொன்னேன். அவள் ஏதோ பதில் சொன்னாள், கேட்கவில்லை. ஜானகி ஸ்லேட்டில் எழுதிக் காட்டினாள்: “பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம்.” நான் பொய் சொன்னபோது நல்லவன் என்றார்கள். உண்மையைச் சொன்னதும் சாமியார் ஆக்கிவிட்டார்கள்.

தப்பு என்னுடையதுதான். கணக்குப் போடும்போது ஒரு படியை விட்டுவிட்டு விடைக்குப் போகாதே என்று ஆயிரம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். விட்ட படியைப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அந்தப் படியை நான் விட்டேன். ஊர் அதில் அம்மனை வைத்து நிரப்பிவிட்டது.

இப்போது இதை நான் அழிக்க முடியாது. எத்தனை முறை சொன்னாலும் அற்புதம் பெரிதாகத்தான் ஆகும். உன் ஒருவனால்தான் முடியும். தட்டை மாற்றினேன் என்று நீ சொன்னால் எல்லாம் ஒரு நிமிடத்தில் தரைக்கு வரும்.

உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியும். உன் பேத்தி வர்ஷினிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். நீ சொல்லாமல் இருந்தால் உன்மேல் எனக்குக் கோபம் இருக்காது. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா?

ஒன்றுமட்டும் நினைத்துப் பார். முத்துப்பேச்சி அம்மன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் நீ இதைச் செய்தாய். உன் மனம் எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு கோயில் கொடுக்கிறபோது அதன் அடியில் இந்தப் பொய்யையும் வைத்தா கொடுக்கப் போகிறாய்?

பொங்கியண்ணன்


வீரபாண்டி
1.3.2025

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கூட்டத்துக்கு நீங்கள் வராதது நல்லது. பாலாலயத்துக்கு நாள் குறிக்கத்தான் கூடினோம். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பிரித்ததும் நான் எழுந்தேன். காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. தட்டைத் தெரு முக்கில் மாற்றினேன், என்னுடைய இரண்டிலும் வெள்ளை என்று சொன்னேன். வாத்தியார் வைத்த சிவப்பு இரண்டும் என் ஆபீஸ் மேஜையில் கிடந்து காய்ந்தது என்றும் சொன்னேன்.

முதலில் நம்பவில்லை. உங்களைக் காப்பாற்றத்தான் பழியை என்மேல் போட்டுக்கொள்கிறேன் என்றார்கள். கிட்டுசாமி அண்ணன், உன் கைக்குள் இருந்துகொண்டு மாற்ற வைத்ததும் ஆத்தாதான் என்று ஆரம்பித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இதையும் அற்புதமாக்கிவிடுவார்களோ என்று. கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை வைத்து அடித்துச் சத்தியம் செய்தேன். கையில் கொப்புளம். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணுகிறது.

அப்புறம் நம்பினார்கள்.

பெரியாத்தாள் அம்மாயிதான் பேசியது. திட்டவில்லை. “நான் மூணு வாரமா அவ செஞ்சான்னு நெனச்சு அழுதுட்டு இருந்தனே சாமி. அண்ணனும் தம்பியும் அவளை ஊமையாக்கிப்போட்டு, என்னைக் கிறுக்கியாக்கிப்போட்டீங்களே” என்றது. திட்டியிருந்தால் தேவலை.

தலைவர் பதவியை விட்டு இறங்கிவிட்டேன். இறக்கிவிட்டார்கள் என்பதுதான் சரி. நீங்களும் நானும் இனிமேல் கோயில் தட்டைத் தொடக்கூடாது என்று முடிவு. பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடியும் பூக்கேட்கப் போகிறார்கள். யார் மடிப்பது என்று பெரிய பேச்சு. நம் சாதிசனத்தில் யாரை நம்புவது, ஒவ்வொருத்தனும் ஒரு கட்சி என்று அம்மாயியே சொல்லி, வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கிற சனத்தில் ஒருத்தரைக் கூப்பிடச் சொன்னது. முத்துப்பேச்சியைக் கேட்டார்கள். “எனக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வம்பு” என்று ஓடப் பார்த்தாளாம். அம்மாயி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

அன்றைக்கு நான் வரப் போவதில்லை. முகம் இல்லை.

வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வர்ஷினி மட்டும் கைக்கு மருந்து போட்டுவிட்டது.

தங்கராஜ்


நெருப்பெரிச்சல்
15.3.2025

தம்பிக்கு,

நேற்று நீ வரவில்லை. ஆகவே இந்த முறை நான் உனக்குச் சொல்கிறேன். கேட்டதை அல்ல, பார்த்ததை.

ஜானகியோடு போய்ப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நீ சொன்னது உண்மை. தீபம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. என் முன்னால் நின்றவர் முதுகில் ஒரு கம்பெனி பெயர் எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

முத்துப்பேச்சி வெளியில், எல்லோரும் பார்க்க, தரையில் உட்கார்ந்து மடித்தாள். செவ்வரளியைத் தூக்கிக் காட்டினாள், வைத்தாள், நார் கட்டினாள். வெள்ளரளியைத் தூக்கிக் காட்டினாள், வைத்தாள், கட்டினாள். துணி மடிக்கிற கை அல்லவா, இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சொம்பில் போட்டுக் குலுக்கினாள். அவளை அந்தச் சொம்போடு கருவறை வாசல் வரை உள்ளே போகச் சொன்னார்கள். குனிந்து போனாள். திரும்பி வர நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு குழந்தை எடுத்தது. பிரித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் கை உயர்ந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜானகி என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். வெள்ளை.

இந்த முறை அம்மாயி வழக்கத்தை மீறச் சொல்லி, எடுக்காததையும் பிரிக்க வைத்தது. அதில் சிவப்பு இருந்தது. ஒழுங்காகக் கேட்கப்பட்ட கேள்வி. ஒழுங்காக வந்த பதில். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பரீட்சையில் தோற்ற பையன்கள் சிலர் அன்று மாலையே பந்து விளையாடப் போய்விடுவார்கள். எனக்கு அது புரிந்ததே இல்லை. நேற்றுப் புரிந்தது.

எழுத்துக் கல்லை நீ கண்ணாடி போட்டுப் பதிக்க வேண்டாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதை அஸ்திவாரத்தில் வைத்தாலும் சரி. படி என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண் விளக்குக்காகத்தான் ஆடு கொடுத்தாள், சுவருக்காக இல்லை. இதை நான் மூன்று கோடையாக நிழலில் உட்கார்ந்து படித்தும் படிக்காமலே விட்டிருக்கிறேன்.

கை ஆறிவிட்டதா?

அண்ணன்


வீரபாண்டி
3.4.2025

அண்ணா,

கை ஆறிவிட்டது. தோல் மட்டும் வேறு நிறமாக இருக்கிறது.

நாளைக்குப் பாலாலயம். புதன்கிழமை காலை கருவறையைப் பிரிக்க ஆரம்பிக்கிறார்கள். புதுத் தலைவர் கிட்டுசாமி அண்ணன் நேற்றுக் கம்பெனிக்கு வந்து என்னிடம் உட்கார்ந்து பேசினார். ஒரு மாதத்துக்குப் பிறகு ஊர்க்காரர் ஒருவர் என் ஆபீசில் காபி குடித்தார். குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

முதல் கல்லை மிஷின் தொடக்கூடாது, ஊரில் மூத்த ஆண் கடப்பாரை போட்டு அசைக்க வேண்டும் என்பது வழக்கம். மூத்தவர் நீங்கள்தான். உங்களைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. “தட்டைத் தொடக்கூடாதுன்னோம், கடப்பாரையைத் தொடக்கூடாதுன்னு சொல்லலியேப்பா. ஆனா எந்த மூஞ்சியோட வாத்தியாரைக் கூப்புடறது?” என்றார். என்னைக் கேட்கச் சொன்னார்.

எனக்கும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை செய்தவரைக் கூப்பிட்டு இடித்துக் கொடு என்பது என்ன நியாயம்? நீங்கள் முடியாது என்றால் ஒருவரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். உங்களுக்கு அடுத்த மூத்தவர் அவர்தான், அவரே போட்டுக்கொள்வார்.

நான் கட்டாயம் போவேனா என்று கேட்காதீர்கள். தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று இருக்கிறேன்.

தங்கராஜ்


நெருப்பெரிச்சல்
6.4.2025

தம்பி தங்கராஜு,

உன் கடிதம் நேற்று வந்தது. ஜானகி படித்துவிட்டு, போகக்கூடாது என்று ஒரு மணி நேரமும், போகாமல் இருக்கக்கூடாது என்று ஒரு மணி நேரமும் சொன்னாள். இப்போது என் வேட்டிக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான் வருகிறேன். நீதி, நியாயம் எல்லாம் யோசித்து வரவில்லை. அந்தக் கல்லை அசைக்க வருகிற ஆள், அது எந்தப் பக்கம் வலுவில்லாமல் இருக்கிறது என்று தெரிந்தவனாக இருந்தால் நல்லது. தெற்கு மூலையில் மேல்வரிசை. அங்கே போட்டால் உடையாமல் முழுதாக வரும். மற்றவர்களுக்கு அது தெரியாது.

கிட்டுசாமியிடம் சொல்லிவிடு. அந்தக் கடப்பாரையை நான் பார்த்திருக்கிறேன், பெரிய கனம். எனக்கு அதை நிமிர்த்திப் பிடிக்கிற தெம்பு இல்லை. வண்டியில் உட்காராதே. புதன்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்கு வா. அண்ணி இட்லி வைத்திருப்பாள், சாப்பிட்டுவிட்டுச் சேர்ந்தே போவோம். கடப்பாரையின் மேல்பக்கத்தை நான் பிடிக்கிறேன். கீழ்ப்பக்கம் நீ பிடி.

அண்ணன்